பின்கதவு

பகாவ் பசார் மாலமில் நான் மீ கோரெங் விற்கும் டாட்சனின்
பின்கதவு ஒருநாள் துருவோடு
என் கையிலேயே வந்துவிட்டது.
இந்தக் காலத்தில் அந்தக் கதவு யாரிடம் இருக்கும்?
குணாளன் வீட்டுப் பின்னால் போய்ப் பார் என்றான்
ஒர்க்‌ஷாப் ஆ கியோங்.
"மாமனார் சாமான். ஓட்டவும் மாட்டான், விற்கவும் மாட்டான்."

காய்ந்த செம்பனை மட்டைகளை விலக்கினால்
முகமெல்லாம் பாசியோடு நின்றது பிக்கப்.
ஒரு விளக்கு இல்லை.
டிரைவர் சீட்டில் அடைகாத்த கோழி
என்னைப் பார்த்து ஹாரன் அடித்தது.

கதவுக்குத்தானே வந்தேன், கதவை இறக்கினேன்.
நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக,
ஒரு பள்ளம்.

எனக்குத் தெரியும் அந்தப் பள்ளத்தை.

தொண்ணூற்றாறு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள்.
லயத்தைக் காலி செய்ய மூன்று நாள்.
அறுபது குடும்பத்துக்கும் ஒரே பிக்கப், தவசிமுத்துவுடையது.
நடைக்கு ஐந்து வெள்ளி.
தகரப் பெட்டி, இரும்புக் கட்டில், சாமி படங்கள்,
தண்ணீரோடு ஒரு மீன்தொட்டி.
எவர் வீட்டு நாயோ
இரும்புப் பாலம் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்து நின்றுவிட்டது.
"கயித்த இழுத்துக் கட்டு! ஒங்கப்பன் வீட்டுக் காடியா இது?"
தவசி யாரையும் பெயர் சொல்லி ஏசியதில்லை.
எல்லாருக்கும் ஒரே ஏச்சு.

மூன்றாம் நடை.
அம்மாவும் அக்காவும் ஆட்டுக்கல்லைத் தூக்கி விளிம்பில் வைக்க
அது புரண்டு கதவில் விழுந்த சத்தம்
ஒட்டுக்கடை வரைக்கும் போயிருக்கும்.
தவசி சொன்ன வார்த்தை ஒன்று.
அம்மா திருப்பிக் கொடுத்தது நான்கு.
அப்புறம் அந்த இரண்டு பேரும் சேர்ந்துதான்
கல்லை உள்ளே தள்ளினார்கள்.
தாமான் வரைக்கும் அக்கா
அந்தப் பள்ளத்தின் மேலேயே உட்கார்ந்து வந்தாள்,
கால்களைத் தொங்கவிட்டு, மடியில் சுவர்க்கடிகாரம்.
அது ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றேகால்.

"ஒருத்தனுக்கும் ஒரு காசு பாக்கி வைக்காமத்தான்
தோட்டத்த விட்டு வந்தோம்" என்பார் அப்பா
ஒவ்வொரு தீபாவளிக்கும்,
இரண்டாவது போத்தலுக்கு மேல்.

கதவுக்கு வந்தவன்
முன்பெட்டியை ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை.
ரொட்டிப் பையில் சுற்றிய ஒரு 555 புத்தகம்.
பென்சில் எழுத்து. நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியிருக்க வேண்டும்.

மாரிக்கண்ணு 2 நடை. ஆள் செத்தாச்சு, விடு.
செவத்தி 1 நடை. கோழி குடுத்தா.
கிராணி 4 நடை. அடுத்த மாசம். அடுத்த மாசம். அடுத்த மாசம்.
காத்தமுத்து 3 நடை, கதவு

அப்பா பெயருக்கு நேரே
எவ்வளவு என்று இருக்க வேண்டிய இடத்தில்
கரையான்.
கோடு கிழித்துக் கணக்கை முடித்தாரா இல்லையா,
அதையும் சேர்த்துத் தின்றிருக்கிறது.

தாளை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஓட்டை வழியாகக் குணாளன் வருவது தெரிந்தது.

"கதவு மட்டுமா? எண்பது குடு."
கிட்டே வந்து தடவிப் பார்த்தவன், அவனாகவே,
"பள்ளம் வேற கெடக்கு. அறுபது."

பள்ளத்துக்காகக் குறைக்கிறான்.

நூறைக் கையில் வைத்தேன்.
மீதிக்குச் சில்லறை தேடி அவன் உள்ளே போன நேரத்தில்
கதவை என் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.
புத்தகம் பெட்டியிலேயே இருக்கிறது.
கோழி காவல்.

தட்டி நிமிர்த்தட்டுமா, முப்பது வெள்ளிதான் என்றான் ஆ கியோங்.
பெயிண்ட் போதும் என்றேன்.

வியாழன் சாயங்காலம் கதவை இறக்கி
முட்டைத் தட்டும் சம்பல் டப்பாவும் பரப்பினால்
ஆட்கள் வைக்கும் சில்லறை உருண்டு வந்து
அந்தப் பள்ளத்தில் நிற்கிறது.
எடுக்க மறந்து கதவைச் சாத்திவிட்டால்
வீடு வரைக்கும் பின்னால் கிடந்து உருள்கிறது.

பக்கத்துச் சீட்டில் அரைத்தூக்கத்தில் அக்கா கேட்பாள்,
"என்னடா அது, சத்தம்?"